நான்கு நட்டு, 17 டன் பிடி

கழற்றாத சக்கரம் தானாகக் கழல்வது அரிது. ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து சக்கரம் பிரிந்து தனியே உருண்டுபோன சம்பவங்களைத் துருவிக் கேட்டால், முந்தின நாளோ முந்தின வாரமோ அந்தச் சக்கரத்தை யாராவது கழற்றி மாட்டியிருப்பார்கள். பஞ்சர் ஒட்டியிருப்பார்கள், டயரை முன்னும் பின்னும் மாற்றியிருப்பார்கள், பிரேக் பார்த்திருப்பார்கள். அதுவரை பல்லாயிரம் கிலோமீட்டர் அசையாமல் இருந்த நட்டு, கை பட்ட சில நாட்களில் நெகிழத் தொடங்கியிருக்கும். மாட்டியவரைக் கேட்டால், நன்றாக முறுக்கித்தான் விட்டேன் என்பார். பொய்யில்லை, முறுக்கியிருப்பார். ஆனால் முறுக்கியது வேறு, பிடித்தது வேறு.

மேலூர்ப் பக்கத்தில் இன்றும் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கிறது. அந்த வண்டிகளின் அச்சு நுனியில், சக்கரக் குடத்துக்கு வெளியே, குறுக்காக ஒரு கடையாணி செருகியிருக்கும். சக்கரம் வெளியே நழுவப் பார்த்தால் அது மறிக்கும். கடையாணி இறுக்கமாக இருக்க வேண்டும் என்றில்லை. இடத்தில் இருந்தால் போதும், கொஞ்சம் ஆடினாலும் வேலை நடக்கும். கார் சக்கரத்தின் நட்டையும் நம்மில் பலர் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம். மரையில் ஏறியிருக்கிறது, கீழே விழவில்லை, அப்புறம் என்ன? வண்டியின் பாரம் முழுக்க, நட்டு ஏறியிருக்கும் அந்த நான்கு ஸ்டட்டின் மேல்தான் தொங்குகிறது என்றும் நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் தப்பு.

ஒரு சின்னக் காரின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். தட்டையான ஹப் முகம் ஒன்று தெரியும். அதிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் நான்கு ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். மாருதி ஸ்விஃப்டில் ஸ்டட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர். நான்கும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தில் நிற்கும். கையில் இருக்கும் நட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் ஒரு முனை கூம்பாகச் சரிந்திருக்கும். ரிம்மில் உள்ள துளையின் வாயும் அதே சரிவில் குடைந்திருக்கும். நட்டு ஏற ஏற, கூம்பு குழிக்குள் உட்கார்ந்து ரிம்மை நடுவுக்குக் கொண்டுவருகிறது. அதன் பிறகு ரிம்மை ஹப் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. இந்த அழுத்தம்தான் எல்லாம். அது உள்ளவரை ரிம்மும் ஹப்பும் ஒரே இரும்பு போல நடந்துகொள்ளும். பாரத்தைச் சுமப்பது அவற்றுக்கு இடையே உள்ள உராய்வு. ஸ்டட்டின் வேலை இரண்டையும் விலகாமல் பிடித்து வைப்பது மட்டுமே.

எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். இந்த அளவிலான கார்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் முறுக்குவிசை பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். 100 என்று வைத்துக்கொள்வோம். மரை சுத்தமாக, உலர்ந்து இருந்தால், அந்த முறுக்கு ஒவ்வொரு ஸ்டட்டிலும் சுமார் 42,000 நியூட்டன் இழுவிசையாக மாறுகிறது. எடைக் கணக்கில் 4 டன்னுக்குச் சற்று மேல். நான்கு நட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 17 டன்.

ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ வரும் காரில் ஒரு சக்கரத்தின் மேல் இறங்குவது முந்நூறு சொச்சம் கிலோதான். அதற்கு எதற்கு 17 டன் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். உராய்வாகக் கிடைப்பது அழுத்தத்தின் ஒரு பங்கு மட்டுமே. இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் அதை ஏழில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால், 17 டன் அழுத்தம் தருவது சுமார் 2.5 டன் பிடி. அடுத்தது பிரேக். அவசரமாக மிதிக்கும்போது டயர் தரையைத் தொடும் இடத்தில் 300 கிலோ விசை பிறக்கிறது என்றால், அது அப்படியே ஸ்டட்டுக்கு வருவதில்லை. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர். ஆறு மடங்கு நெம்புகோல். ஆக அங்கே 1,800 கிலோ. நம்மிடம் இருந்த 2.5 டன்னுக்குள் அது அடங்கிவிடுகிறது. நட்டின் பிடி பாதியாகக் குறைந்துவிட்டால் அடங்காது. ரிம் ஹப்பின் மேல் வழுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் வழுக்கும், ஆனால் வழுக்கும்.

அந்த 17 டன் எங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது? ஸ்டட்டின் நீட்சியில். நட்டை முறுக்கும்போது ஸ்டட்டை இழுத்து நீட்டுகிறோம். அது மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் ஆசைதான் ரிம்மை அழுத்துகிறது. ஸ்டட் ஒரு விறைப்பான ஸ்பிரிங், அவ்வளவுதான். எவ்வளவு நீள்கிறது? நட்டுக்கும் ஹப்புக்கும் இடைப்பட்ட நீளம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்தால், 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு. ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கழல்வது பற்றிய மற்ற எல்லாமே இந்த 0.05-லிருந்து பிறக்கிறது.

இப்படி நீண்டு நீண்டு மீளும் இரும்பைச் செய்வது லேசான காரியமில்லை. மதுரைக்காரர்களுக்கு இது பக்கத்து ஊர்த் தொழில். டி.வி.எஸ். குழுமத்தின் தலைமைக் கட்டடம் மேலவெளி வீதியில் நிற்கிறது. அதே குடும்பத்திலிருந்து வந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966-ல் சென்னை பாடியில் போல்ட் செய்யத் தொடங்கி, பின்னாளில் மதுரையிலிருந்து காரியாபட்டி போகும் வழியில் ஆவியூரிலும் தொழிற்சாலை வைத்தது. வண்டிகளுக்கான உயர்வலிமை போல்ட்டில் மரையை வெட்டி எடுப்பதில்லை. இரண்டு அச்சுகளுக்கு நடுவே கம்பியை உருட்டி, அழுத்தியே மரையை வரவைக்கிறார்கள். வெட்டினால் உலோகத்தின் இழையோட்டம் அறுபடும். உருட்டினால் வளைந்து தொடரும். அதனால் களைப்பைத் தாங்கும். தரமான போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்திருக்கும். 10.9 என்றால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சுமார் 100 கிலோ இழுவிசை வரும்வரை அறாது. அதில் 90 விழுக்காடு வரை இழுத்து விட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான், ஸ்பிரிங் செத்துவிடும்.

ஆக இரும்பில் குறை இல்லை. குறை வருவது இரும்புக்கும் இரும்புக்கும் இடையே.

திருமங்கலம் தாண்டிக் கரிசல் காட்டோரமாகச் சக்கரம் பஞ்சராகிறது. ஜாக்கி வைத்து, ஸ்டெப்னியை எடுத்து, கழற்றிய சக்கரத்தை மண்ணில் சாய்த்து, ஸ்டெப்னியையும் மண்ணில் கிடத்தி, மாட்டி முறுக்குகிறோம். ரிம்மின் உட்பக்கத்தில் ஒட்டிய மண் அப்படியே ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே போய்விடுகிறது. ஒரு மணல் துகள் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் இருக்கும். முறுக்கும்போது நட்டு இறுகியது போலவே கைக்குத் தெரியும். ஏனென்றால் மண்ணும் அந்த நேரத்தில் எதிர்த்து நிற்கும். பிறகு வண்டி ஓடுகிறது, பள்ளத்தில் விழுந்து எழுகிறது, மண் பொடிந்து நசுங்குகிறது. நசுங்கியது 0.05 மில்லிமீட்டர்தான் என்றாலும், ஸ்டட்டின் நீட்சி முழுவதும் போயிற்று. நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பவில்லை. மரையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் 17 டன் பூஜ்யமாகிவிட்டது.

மண் மட்டுமல்ல, துருச் செதிலும் இப்படித்தான். அழகுக்காக ரிம்முக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிப்பவர்கள் உட்பக்க முகத்திலும் கூம்புக் குழியிலும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். ஒரு பூச்சு பெயிண்டின் தடிமன் ஏறத்தாழ ஸ்டட்டின் நீட்சி அளவே இருக்கும். இரண்டு பூச்சு அடித்தால் கேட்கவே வேண்டாம். பெயிண்ட் மெதுவாக நசுங்கும். லாரி, பேருந்தின் பின்பக்கத்தில் இரட்டைச் சக்கரம் என்பதால் ஒன்றோடொன்று உட்காரும் முகங்கள் கூடுதல், நசுங்க வேண்டிய இடங்களும் கூடுதல். கனரக வண்டிகளில் பின்சக்கரம் அதிகமாகத் தொல்லை கொடுப்பதற்கு இது முக்கியமான காரணம். புத்தம்புதிய, மிகச் சுத்தமான முகங்கள்கூட முதல் சில பத்துக் கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும். மேடுபள்ளம் இல்லாத உலோக முகம் என்று ஒன்று கிடையாது. உருப்பெருக்கியில் பார்த்தால் எல்லாமே மலையும் பள்ளத்தாக்கும்தான்.

இனி நட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்ப்போம். பிடி தளர்வது ஒன்று, நட்டு கழன்று சுழல்வது இன்னொன்று. முதலாவது வந்தால் இரண்டாவது பின்னாலேயே வரும். மரை என்பது ஸ்டட்டைச் சுற்றி ஏறும் ஒரு சாய்தளம். சாய்வு மிகக் குறைவு, 2, 3 பாகைதான். உராய்வு இருக்கும்வரை நட்டு அந்தச் சரிவில் தானாக இறங்காது. இவ்வளவு சிறிய சரிவில் எப்படித்தான் இறங்குகிறது? பல காலம் பொறியாளர்கள் அதிர்வு ஸ்டட்டின் நீளவாக்கில் குலுக்குவதால்தான் என்று நினைத்திருந்தார்கள். 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஓர் எந்திரம் செய்து காட்டினார். இறுக்கிய போல்ட்டின் கீழுள்ள தகட்டைப் பக்கவாட்டில், குறுக்காக, முன்னும் பின்னும் ஆட்டினார். நன்றாக இறுகியிருந்த நட்டுகள் கண்ணெதிரே சுழன்று கழன்றன. குறுக்காட்டம்தான் எதிரி என்று அன்று தெரிந்தது.

காரணம் உராய்வின் ஒரு குணம். இறுகிப்போன தக்கையை நேராக இழுத்தால் வராது. திருகிக்கொண்டே இழுத்தால் சுலபமாக வந்துவிடும். திருகும் திசையில் ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிட்டால், இழுக்கும் திசையில் எதிர்க்க உராய்விடம் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. நட்டும் அதுபோலத்தான். ரிம் குறுக்காக வழுக்கும் ஒவ்வொரு கணமும் நட்டின் உராய்வு அந்தக் குறுக்குத் திசையில் செலவாகிவிடுகிறது. அந்தக் கணத்தில், மரையின் சரிவில் கீழே தள்ளிக்கொண்டிருக்கும் சின்ன விசைக்குத் தடை இல்லை. நட்டு மயிரிழை நகர்கிறது. சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இதிலிருந்து வரும் முடிவு எளிது. வழுக்கினால்தான் நட்டு திரும்பும். பிடி போதுமானதாக இருந்தால் வழுக்காது. நட்டைத் திரும்பாமல் தடுக்கத் தனி உபாயம் தேடுவதைவிட, வழுக்காமல் தடுக்கும் பிடியைச் சரியாகக் கொடுப்பதே வழி. நட்டுக்கு அடியில் ஸ்ப்ரிங் வாஷர் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூம்பு நட்டுக்கு அடியில் எந்த வாஷரும் கூடாது. கூம்பு குழியில் உட்காராமல் போய்விடும். மற்ற இடங்களிலும் அதற்குப் பெரிய பலன் இல்லை. நட்டு முழுதாக இறுகியதும் ஸ்ப்ரிங் வாஷர் சப்பையாகி, வெறும் தட்டை வாஷராகிவிடுகிறது. 1990-ல் நாசா வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடு, பூட்டிப் பிடிக்கும் வேலைக்கு அது உதவாது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. இருந்தும் ஹார்டுவேர் கடைகளில் அது கிலோக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறது.

இடப்பக்கச் சக்கரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தளர்ந்த நட்டு, தன்னைவிடச் சற்றுப் பெரிய குழிக்குள் உரசியபடி உருளும். இடப்பக்கமாக நின்று பார்த்தால், முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றும். பாரம் அழுத்தும் புள்ளி ரிம்மைப் பொறுத்தவரை அதற்கு எதிராக, வலஞ்சுழியாக நகரும். குழிக்குள் உருளும் நட்டோ அந்தப் புள்ளி நகரும் திசைக்கு எதிர்த்திசையில் திரும்பும், அதாவது மறுபடியும் இடஞ்சுழி. சாதாரண மரையைக் கழற்றும் திசை அது. வலப்பக்கச் சக்கரத்தில் இதுவே நட்டை இறுக்கும். சைக்கிளின் இடது பெடலுக்கு இடது மரை வைத்திருப்பது இதே காரணத்தால்தான். பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்க ஸ்டட்டுகளுக்கு இடது மரை வைத்து, நுனியில் அடையாள எழுத்தும் பொறித்திருந்தார்கள். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் 1970 வாக்கில்தான் அதை விட்டது. பிரிட்டனில் கழன்றுபோன லாரிச் சக்கரங்களை ஆராய்ந்தபோது, எல்லாப் பக்கமும் வலது மரை வந்த பிறகு, கழன்றவற்றில் பெரும்பாலானவை இடப்பக்கத்துச் சக்கரங்களாகவே இருந்தன. நம் வண்டிகளுக்கும் அதே மரை, அதே திசை. ஆகவே நட்டைச் சோதிக்க நேரமில்லை, ஒரு பக்கம்தான் முடியும் என்றால், இடப்பக்கம் பாருங்கள்.

அப்படியானால் எவ்வளவு பலமாக முறுக்க முடியுமோ அவ்வளவு முறுக்கிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் இடறுகிறது. வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதிப்பார்கள். ஓர் அடி நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 34 கிலோ விசை கொடுத்தாலே 100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டும். அதில் ஒரு பைப்பைச் செருகி நீளம் கூட்டினால் இன்னும் மேலே போகும். நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடைகளில் காற்றழுத்தக் கன் வந்துவிட்ட பிறகு மிதிக்கவும் தேவையில்லை. டர்ர் என்று இரண்டு விநாடி. “ஆனை வந்து இழுத்தாலும் அசையாதுண்ணே, தைரியமாப் போங்க” என்பார் தம்பி. லாரி நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர் அளவில் தேவை. அந்த வேலைக்கு வைத்திருக்கும் கன்னைக் கார் நட்டில் வைத்தால் என்ன ஆகும்? ஸ்டட் தன் எல்லையைத் தாண்டி நீண்டுவிடும். மரை இழுபடும். அலாய் வீலின் மென்மையான கூம்புக் குழி சிதையும். டிஸ்க் கோணிக்கொண்டு பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். இவ்வளவுக்கும் பிறகு, கொட்டாம்பட்டி பக்கத்தில் இருட்டில் சக்கரத்தைக் கழற்ற வேண்டிவந்தால், காரோடு வந்த குட்டி ஸ்பேனரால் அந்த நட்டை அசைக்க முடியாது.

கிரீஸ் தடவுவது அடுத்த தவறு. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்வது. நாம் முறுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டப் பயன்படுகிறது. ஏறத்தாழப் பாதி நட்டு உட்காரும் முகத்தின் உராய்வுக்கும், மீதி மரையின் உராய்வுக்கும் போய்விடும். கிரீஸ் அந்த உராய்வைக் குறைத்தால், அதே 100 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு ஸ்டட்டின் இழுவிசை ஒன்றரை மடங்கு ஆகலாம். முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், ஸ்டட் உள்ளே அறுபடும் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சில கனரக வண்டிகளுக்கு மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லித் தயாரிப்பாளரே எழுதியிருப்பார். அங்கே முறுக்குவிசையும் அதற்கேற்பக் குறித்திருக்கும். காருக்கு, கைப்புத்தகம் வேறு சொன்னாலொழிய, உலர்ந்த சுத்தமான மரைதான். கம்பித் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும்.

டார்க் ரெஞ்சைப் பற்றி இரண்டு வார்த்தை. 1918-ல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், பூமிக்கடியில் போகும் குழாய்களின் போல்ட்டை ஆட்கள் ஆளுக்கொரு பலத்தில் முறுக்கி உடைப்பதைத் தடுக்க அதை உருவாக்கினார். வேண்டிய அளவைத் திருகி வைத்துவிட்டு முறுக்கினால், அளவு வந்ததும் டக்கென்று ஒரு சத்தம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உறுதிக்காக இன்னும் இரண்டு டக் போடுவது நம்மவர்களின் சேர்க்கை. மதுரையில் பெரிய சர்வீஸ் நிலையங்களில் டார்க் ரெஞ்ச் இருக்கிறது. பஞ்சர் கடையில் பார்ப்பது அபூர்வம். சில ஆயிரம் ரூபாய்க்கு நீங்களே வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம்.

சூடும் இதில் ஒரு பாத்திரம். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய் இறங்கி வரும்போது முன்சக்கரப் பிரேக் கைவைக்க முடியாமல் காயும். அந்தச் சூட்டில் பஞ்சராகிச் சக்கரம் மாற்றினால், அலாய் வீல் உள்ள வண்டியில் கவனம் தேவை. வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 100 பாகை வெப்பம் ஏறினால், ரிம்மின் 2 சென்டிமீட்டர் தடிமனில் இந்த வித்தியாசம் 0.02 மில்லிமீட்டருக்கு மேல். ஸ்டட்டின் நீட்சியே 0.05 தான் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சூட்டில் முறுக்கியது, அடிவாரத்தில் ஆறியபோது கிட்டத்தட்டப் பாதிப் பிடியை விட்டிருக்கும். காருக்கென வந்த இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டுக் கடையில் அலாய் மாட்டுபவர்கள் நட்டின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். கூம்பு நட்டு, உருண்டை முக நட்டு, தட்டை வாஷர் நட்டு என்று மூன்று வகை உண்டு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டை வைத்தால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கோடு சில நாளில் நசுங்கிவிடும்.

நட்டு தளர்ந்ததை வண்டி சொல்லும். மெதுவாகப் போகும்போது ஒரு பக்கத்திலிருந்து டக்டக் என்று வரும் சத்தம், வேகத்தோடு கூடும். ஸ்டியரிங்கில் புதிதாக ஒரு நடுக்கம். நட்டைச் சுற்றிப் பளபளப்பாகத் தேய்ந்த உலோகம். நட்டிலிருந்து கீழ்நோக்கி ஒழுகியது போல் செந்நிறத் துருக்கோடு. அலாய் என்றால் கருநிறப் பொடி. ஒரு ஸ்டட் உடைந்து விழுந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் உடைந்த முகத்தைப் பாருங்கள். பாதி முகம் வழவழவென்று, அடுக்கடுக்கான வளைகோடுகளோடு இருக்கும். மீதி முகம் சொரசொரப்பாக, பளிச்சென்று இருக்கும். வழவழப்பான பகுதி பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்து வந்தது. சொரசொரப்பு கடைசி நொடியில் முறிந்தது. இது மட்டமான இரும்பு என்பதற்கு அடையாளமில்லை. நட்டு பல நாட்களாகத் தளர்ந்திருந்தது என்பதற்கு அடையாளம். இறுகிய ஸ்டட்டில் சாலையின் ஏற்ற இறக்கம் சிறு பங்குதான் போய்ச் சேரும். தளர்ந்த ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் முழு அடியையும் வாங்கும். ஒன்று உடைந்தால் மற்றவையும் அதே அடியை வாங்கியவைதான். அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்றுவதே நியாயம்.

கழன்ற சக்கரம் வண்டியைவிட முன்னால் ஓடுவதைப் பார்த்தவர்கள் திகைப்பார்கள். மாயமில்லை. வண்டி ஒரு பக்கம் தரையில் உரசி வேகம் குறைகிறது. சக்கரம் பழைய வேகத்திலேயே, சுழற்சியும் குறையாமல் போகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் 100 கிலோ லாரிச் சக்கரத்தை நிறுத்த சாலைத் தடுப்பும் போதாது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1995-ல் இப்படிப் பாய்ந்த சக்கரங்கள் எதிரே வந்தவர்களின் உயிரைப் பறித்தன. அதன் விளைவாக 1997-ல் சட்டம் வந்தது. லாரி, பேருந்துச் சக்கரம் கழன்றால் வண்டியின் உரிமையாளரும் அதை நடத்துபவரும் சமாதானம் எதுவும் சொல்லித் தப்ப முடியாது. அபராதம் 50,000 கனடிய டாலர் வரை. அத்தகைய வண்டிகளின் சக்கரத்தை மாட்டுவதற்கும் பயிற்சிச் சான்று வேண்டும் என்றார்கள். நம் மாநிலத்தில் ஊருக்கு ஊர் அரசுப் பணிமனைகள் இருக்கின்றன. அங்கே இப்படிச் சான்றளிக்கும் பயிற்சியைத் தொடங்கப் பெரிய செலவு எதுவும் ஆகாது என்பது என் எண்ணம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை பஞ்சர் கடையில் சக்கரம் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரிம்மின் உட்பக்கத்தையும் ஹப் முகத்தையும் ஒரு துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துருச் செதில் இருந்தால் கம்பித் தூரிகை. நட்டுகளை முதலில் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். கையால் ஏறாத நட்டில் மரை கெட்டிருக்கிறது என்று பொருள். சக்கரம் தொங்கும்போதே நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் இறுக்கி, ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைவது போல ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகு கடைசி முறுக்கு. கன் வேண்டாம் தம்பி, கையால் போடுங்க என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முடிந்ததும் நட்டிலிருந்து ரிம்முக்கு ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். நட்டு திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். மண் நசுங்கிப் பிடி விட்டதை அந்தக் கோடு காட்டாது, அதற்கு ஸ்பேனர்தான்.

மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், மதுரையிலிருந்து மேலூர் போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வண்டி நன்றாக ஆறியபின் நான்கு நட்டையும் கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்கு இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.